ரேட்டி – கப்பாபிளாங்கா, நியூயார்க் 1924: காய்கள் சமமாக இருக்கும்போதே கப்பாபிளாங்கா ஏன் தோல்வியை ஒப்புக்கொண்டார்?

கேள்வி: மரப்பலகை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். இ4 அல்லது டி4 என்று நடுச் சிப்பாயை முதல் நகர்த்தலிலேயே இரண்டு கட்டம் தள்ளும் தொடக்கங்களையே இதுவரை பழக்கி வந்தேன். பலகையின் பக்கவாட்டிலிருந்து தொடங்கி வெள்ளை வென்ற ஓர் ஆட்டத்தையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக, 1924 மார்ச்சில் நியூயார்க் போட்டியின் ஐந்தாம் சுற்றில் ரிச்சர்ட் ரேட்டி அன்றைய உலகச் சாம்பியன் ஹோசே ரவுல் கப்பாபிளாங்காவை வென்ற ஆட்டத்தைச் சென்ற வாரம் பலகையில் நடத்திக் காட்டினேன். பலகையில் வைத்துப் பார்க்க விரும்புவோருக்காக நகர்த்தல்களை முழுமையாகத் தருகிறேன்.

1. குதிரை எஃப்3 – குதிரை எஃப்6, 2. சி4 – ஜி6, 3. பி4 – பிஷப் ஜி7, 4. பிஷப் பி2 – ராஜா பக்கக் காஸ்லிங், 5. ஜி3 – பி6; 6. பிஷப் ஜி2 – பிஷப் பி7, 7. ராஜா பக்கக் காஸ்லிங் – டி6, 8. டி3 – பி8 குதிரை டி7, 9. பி1 குதிரை டி2 – இ5, 10. ராணி சி2 – யானை இ8, 11. எஃப்1 யானை டி1 – ஏ5, 12. ஏ3 – ஹெச்6, 13. குதிரை எஃப்1 – சி5, 14. பி5 – குதிரை எஃப்8, 15. இ3 – ராணி சி7, 16. டி4 – பிஷப் இ4, 17. ராணி சி3 – இ சிப்பாய் டி4-ஐ வெட்டுகிறது, 18. இ சிப்பாய் டி4-ஐ வெட்டுகிறது – எஃப்6 குதிரை டி7, 19. ராணி டி2 – சி சிப்பாய் டி4-ஐ வெட்டுகிறது, 20. பிஷப் டி4-ஐ வெட்டுகிறது – ராணி சி4-ஐ வெட்டுகிறது, 21. பிஷப் ஜி7-ஐ வெட்டுகிறது – ராஜா ஜி7-ஐ வெட்டுகிறது, 22. ராணி பி2, செக் – ராஜா ஜி8, 23. யானை டி6-ஐ வெட்டுகிறது – ராணி சி5; 24. ஏ1 யானை டி1 – யானை ஏ7, 25. குதிரை இ3 – ராணி ஹெச்5, 26. குதிரை டி4 – பிஷப் ஜி2-ஐ வெட்டுகிறது, 27. ராஜா ஜி2-ஐ வெட்டுகிறது – ராணி இ5, 28. குதிரை சி4 – ராணி சி5, 29. குதிரை சி6 – யானை சி7, 30. குதிரை இ3 – குதிரை இ5, 31. டி1 யானை டி5. கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு மாணவி பலகையில் இருந்த காய்களை எண்ணிப் பார்த்தாள். இரு தரப்பிலும் ஒரு ராணி, இரண்டு யானைகள், இரண்டு குதிரைகள், ஐந்து சிப்பாய்கள். ராஜாவுக்குச் செக் இல்லை; அடுத்த நகர்த்தலில் மேட் ஆகும் அபாயமும் கண்ணுக்குத் தெரியவில்லை. “பிறகு ஏன் சார் விட்டுக்கொடுத்தார்?” என்று அவள் கேட்டபோது, ராணி மாட்டிக்கொண்டது என்று பொதுவாகச் சொன்னேனே தவிர, ஒவ்வொரு கட்டமாக விளக்க அன்றைக்கு நேரம் போதவில்லை. வரும் ஞாயிறு அதை முறையாகச் சொல்லித் தர வேண்டும்.

அதோடு எனக்கே உரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. இந்த ஆட்டத்தைப் பக்கவாட்டுத் தொடக்கத்தின் வெற்றி என்று பிள்ளைகளிடம் சொல்வது சரியாகுமா? முதல் பதினைந்து நகர்த்தல்களுக்கும் கடைசியில் ராணி சிக்கியதற்கும் உண்மையான தொடர்பு இருக்கிறதா, அல்லது நடு ஆட்டத்தில் கப்பாபிளாங்கா தடுமாறியதுதான் காரணமா? ஆட்டத்தை ஆழ்ந்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: அறுபத்துநான்கு

மாணவியின் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அது மிக நல்ல கேள்வி. கடைசி நிலையில் வெள்ளை ராஜா ஜி2-இலும், ராணி பி2-இலும், யானைகள் டி5, டி6 கட்டங்களிலும், குதிரைகள் சி6, இ3 கட்டங்களிலும், சிப்பாய்கள் ஏ3, பி5, எஃப்2, ஜி3, ஹெச்2 கட்டங்களிலும் இருக்கின்றன. கறுப்பு ராஜா ஜி8-இலும், ராணி சி5-இலும், யானைகள் சி7, இ8 கட்டங்களிலும், குதிரைகள் இ5, எஃப்8 கட்டங்களிலும், சிப்பாய்கள் ஏ5, பி6, எஃப்7, ஜி6, ஹெச்6 கட்டங்களிலும் இருக்கின்றன. டி5-க்கு வந்த யானை கறுப்பு ராணியைத் தாக்குகிறது. ராணி போகக்கூடிய கட்டங்கள் மொத்தம் பன்னிரண்டு. அவற்றில் ஆறு காலியானவை, மற்ற ஆறில் வெள்ளைக் காய்கள் நிற்கின்றன.

காலிக் கட்டங்களை முதலில் பாருங்கள். சி4-க்குப் போனால் இ3 குதிரை வெட்டும். சி3, சி2, சி1 ஆகிய மூன்றையும் பி2-இல் இருக்கும் வெள்ளை ராணியே காக்கிறது. பி4-க்குப் போனால் ஏ3 சிப்பாய் வெட்டும். டி4-க்குப் போனால் சி6 குதிரை வெட்டும். ஆக, சும்மா நகர்ந்து தப்பிக்கும் வழி ஒன்றுகூட இல்லை.

இனி, வெட்டிக்கொண்டு போகும் வழிகள். ஏ3 சிப்பாயையோ பி5 சிப்பாயையோ எடுத்தால் ஒரு சிப்பாய்க்கு ராணி போய்விடும். சி6 குதிரையை எடுத்தால் பி5 சிப்பாய் பதிலுக்கு வெட்டும். இ3 குதிரையை எடுத்தால் எஃப்2 சிப்பாய் வெட்டும். இரண்டிலும் கிடைப்பது ஒரு குதிரை மட்டுமே. யானைகளில் ஒன்றை எடுப்பதுதான் அதிகபட்ச வரவு. டி6 யானையை எடுத்தால் டி5 யானை பதிலுக்கு வெட்டும். டி5 யானையைச் செக்குடன் எடுத்தால் இ3 குதிரை அங்கே வந்து வெட்டும். அந்தக் குதிரை அதே நேரத்தில் சி7 யானையைத் தாக்கி, எஃப்6-இல் செக் கொடுத்து இ8 யானையையும் எடுக்கும் மிரட்டலோடு நிற்கும். ராணிக்கு யானை என்ற கணக்கில் கப்பாபிளாங்காவின் தரத்தில் யாரும் ஆட்டத்தைத் தொடர மாட்டார்கள்.

ராணியை விட்டுவிட்டுக் குதிரையால் எதிர்த்தாக்குதல் நடத்தினால் என்ன என்று கூர்மையான பிள்ளைகள் கேட்பார்கள். 31-இல் இ5 குதிரை சி4-க்குத் தாவி வெள்ளை ராணியைத் தாக்குவதுதான் சற்றேனும் போராடக்கூடிய வழி. 32. யானை சி5-இல் ராணியை வெட்டும், கறுப்புக் குதிரை பி2-இல் ராணியை வெட்டும். ராணிகள் இரண்டும் போனதால் காய்கள் மறுபடி சமமாகத் தோன்றும். ஆனால் 33. யானை சி2 என்று திரும்பியதும் பி2 குதிரைக்கு ஏ4-ஐத் தவிர உயிர் பிழைக்கும் இடம் இல்லை. 34. குதிரை டி5 என்று வந்தவுடன் சி7 யானையும் தாக்கப்படும், எஃப்6-இல் ராஜாவையும் யானையையும் ஒருசேரத் தாக்கும் கவைச் செக்கும் காத்திருக்கும். இரண்டையும் ஒரே நகர்த்தலில் தடுக்க முடியாது. குறைந்தது யானைக்குக் குதிரை என்ற அளவில் வெள்ளை முந்திவிடும். 32-இல் பி2-ஐ எடுக்காமல் இ3 குதிரையைச் செக்குடன் வெட்டினாலும், எஃப்2 சிப்பாய் அதை வெட்டிய பிறகு வெள்ளையிடம் ராணி இருக்கும், கறுப்பிடம் இருக்காது.

இன்னொன்றையும் மாணவிக்குச் சொல்லுங்கள். இந்த மிரட்டல் 31-ஆம் நகர்த்தலில் பிறந்ததன்று. 30. குதிரை இ3 என்று ரேட்டி பின்வாங்கியபோதே டி5-இல் யானை வந்து ராணியைப் பிடிக்கும் திட்டம் முழுமையாகிவிட்டது. கறுப்பின் 30-ஆம் நகர்த்தலான குதிரை இ5, வலையில் முக்கியமான கண்ணியாகிய சி6 குதிரையை மாற்றிக்கொள்ள முயன்றது. யானை அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.


மறுமொழி 2: கருங்குதிரை

இரண்டாம் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. என் துணிவு இதுதான்: தொடக்கம் மட்டும் இந்த ஆட்டத்தை வெல்லவில்லை, ஆனால் ராணியைப் பிடித்த வலையின் ஒவ்வொரு முனையும் தொடக்கத்திலேயே ஊன்றப்பட்டது. கடைசி நிலையிலிருந்து பின்னோக்கி நடந்து பார்த்தால் இது தெளிவாகும். பிள்ளைகளுக்கும் அப்படிப் பின்னோக்கியே காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே நண்பர் விளக்கிய நிலையில் சி6 குதிரையைத் தாங்கி நிற்பது பி5 சிப்பாய். அது மூன்றாம் நகர்த்தலில் பி4-க்கு வந்து, பதினான்காம் நகர்த்தலில் பி5-க்கு ஏறியது. பி4 கட்டத்தைக் காக்கும் ஏ3 சிப்பாய் பன்னிரண்டாம் நகர்த்தலில் அங்கே வந்தது. சி3, சி2, சி1 கட்டங்களைக் காப்பதோடு இ5 குதிரையையும் குறிவைக்கும் வெள்ளை ராணி நிற்பது பி2-இல். நான்காம் நகர்த்தலில் பிஷப் போய் உட்கார்ந்த அதே மூலைவிட்டத்தின் தலைவாசல் அது. 21-ஆம் நகர்த்தலில் கறுமை நிறக் கட்டப் பிஷப்புகள் இரண்டும் மாறிப்போன பிறகு, அந்த மூலைவிட்டத்தில் கறுப்பு ராஜாவுக்குக் காவல் இல்லாமல் போனது. ராணி உடனே செக்குடன் அங்கே வந்து அமர்ந்தது. டி1 யானையும் பதினோராம் நகர்த்தலிலிருந்தே டி வரிசையில் காத்திருக்கும் திட்டத்தின் தொடர்ச்சிதான், 24-இல் அங்கே வந்தது ஏ1 யானையாக இருந்தாலும்.

இப்போது நடுப்பகுதி. வெள்ளையின் இ சிப்பாய் பதினைந்தாம் நகர்த்தல் வரை தன் கட்டத்தை விட்டு அசையவே இல்லை; அசைந்தபோதும் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்தது. நடு நான்கு கட்டங்களில் ஒன்றில் வெள்ளைச் சிப்பாய் முதன்முதலாகக் கால் வைத்தது 16. டி4 என்ற நகர்த்தலில்தான். நடுவைச் சிப்பாய்களால் உடனே நிரப்ப வேண்டியதில்லை, தொலைவிலிருந்து பிஷப்புகளாலும் குதிரைகளாலும் அதை ஆளலாம், எதிராளி தன் சிப்பாய்களை நிறுத்திய பிறகு அவற்றையே தாக்குபொருளாக்கலாம் என்று நிம்சோவிச், பிரேயர், தார்த்தக்கோவர் ஆகியோரோடு ரேட்டியும் வாதிட்டுவந்த காலம் அது. ஹைப்பர்மாடர்ன் என்று பெயர் பெற்ற அந்தச் சிந்தனை வெறும் வாதமாக நின்றுவிடாமல் உலகச் சாம்பியனுக்கு எதிராகவே செயலில் காட்டப்பட்டது என்பதால்தான் இந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது.

எதிரே இருந்தவர் யார் என்பதையும் பிள்ளைகள் உணர வேண்டும். 1916-இல் நியூயார்க்கில் ஆஸ்கர் சாஜஸிடம் தோற்ற பிறகு எட்டு ஆண்டுகளாகப் போட்டி ஆட்டம் எதிலும் கப்பாபிளாங்கா தோற்றதில்லை. அந்த இடைவெளியில்தான் 1921-இல் ஹவானாவில் இமானுவேல் லாஸ்கரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். ரேட்டியிடம் தோற்ற பிறகும் அந்த நியூயார்க் போட்டியில் மேலும் ஓர் ஆட்டம்கூட அவர் தோற்கவில்லை. இருபது ஆட்டங்களில் இந்த ஒன்றுதான் அவருடைய தோல்வி.

கறுப்பின் நிலையில் விரிசல் எங்கே விழுந்தது என்று கேட்டால், நான் பதின்மூன்றாம் நகர்த்தலைக் காட்டுவேன். 13. குதிரை எஃப்1 என்ற நகர்த்தல் மேலோட்டமாகப் பின்வாங்கல் போலத் தெரியும். உண்மையில் அது டி வரிசையில் யானைக்கு முன்னால் நின்ற குதிரையை அகற்றி, டி4 உந்தலுக்கு வழி செய்து, அதே குதிரை பிறகு இ3-க்கு வருவதற்கும் பாதை அமைத்தது. அதற்குக் கப்பாபிளாங்கா சி5 என்று விடை சொன்னார். இ5, சி5 ஆகிய இரு சிப்பாய்களும் முன்னேறிவிட்ட பிறகு, அவற்றின் நடுவே டி6-இல் நின்ற சிப்பாயைக் காக்க வேறு சிப்பாய் இல்லை. முன்னால் இருந்த டி5 கட்டத்தைக் காக்கவும் சிப்பாய் இல்லை. 14. பி5 என்று ரேட்டி ராணிப் பக்கத்தை மூடியதும், ஏ5 சிப்பாயை முன்னதாகத் தள்ளி ஏ வரிசையைத் திறக்க நினைத்த கறுப்பின் திட்டம் பொருளிழந்தது. ஆட்டத்தின் கவனம் முழுவதும் டி வரிசைக்கு வந்தது. கறுப்பு டி4-ஐ அடைய எஃப்8 வழியாகக் குதிரையை இ6-க்குக் கொண்டுபோக நினைக்கும்போது 15. இ3 அந்தக் கட்டத்தை அடைத்தது, 16. டி4 வரிசையையே திறந்தது. 13-இல் தனித்துவிடப்பட்ட அந்த டி6 சிப்பாயை 23-இல் வெள்ளை யானை எடுத்துக்கொண்டது. பத்து நகர்த்தல்களுக்கு முன்பே அதன் விதி எழுதப்பட்டுவிட்டது என்றே நான் இந்த ஆட்டத்தை வாசிக்கிறேன்.

எஃப்8-க்குப் போன அந்தக் குதிரையையும் பாருங்கள். 14-ஆம் நகர்த்தலில் அங்கே போனது, ஆட்டம் முடியும் வரை அங்கேயே நின்றது. ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த பதினேழு நகர்த்தல்களில் ஒரு காய் முழுவதும் வேலையற்று இருந்தது என்றால், அது எதிராளியின் திட்டத்துக்குப் பெரிய உதவி.


மறுமொழி 3: தென்வாசல்

கருங்குதிரை அவர்களின் பின்னோக்கிய வாசிப்பு அழகானது, அதை மறுக்கவில்லை. ஆயினும், முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கி நடந்தால் எல்லா அடிகளும் ஒரே இடத்துக்கு வந்தது போலத்தான் தோன்றும் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது என்று கருதுகிறேன். பி4-ஐ ரேட்டி ஆடியபோது சி6-இல் குதிரை நிற்கப்போவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்ததெல்லாம் ராணிப் பக்கத்தில் இடம் பிடிப்பதும் நீண்ட மூலைவிட்டத்தைத் திறந்து வைப்பதும்தான்.

இதே தொடக்கம் அதே போட்டியில் என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலமாக் ஹோட்டலில் பதினொரு பேர், ஒருவரோடு ஒருவர் இரு முறை மோதிய அப்போட்டியில் லாஸ்கர் 16 புள்ளிகளோடு முதலிடமும், கப்பாபிளாங்கா 14½ புள்ளிகளோடு இரண்டாமிடமும், அலேகின் 12 புள்ளிகளோடு மூன்றாமிடமும் பெற்றனர். ரேட்டி 10½ புள்ளிகளோடு ஐந்தாமிடத்தில் முடித்தார். லாஸ்கருக்கு எதிராகவும் அவர் குதிரை எஃப்3, சி4 என்றே தொடங்கினார். லாஸ்கர் டி5, சி6 என்று சிப்பாய்களை உறுதியாக நிறுத்தி, வெள்ளைக் கட்டப் பிஷப்பைச் சிப்பாய் வேலிக்கு வெளியே எஃப்5-க்குக் கொண்டுவந்து, அந்த ஆட்டத்தை வென்றார். அந்த அமைப்புக்கு இன்றும் நியூயார்க் அமைப்பு என்ற பெயர் வழங்குகிறது. பக்கவாட்டுத் தொடக்கத்துக்கு நேரான, நிதானமான பதில் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், போகோல்யூபோவுக்கு எதிராக அதே போட்டியில் ரேட்டி அதே வகையில் தொடங்கி, பிஷப்பை இ8-இல் வைத்து முடித்த ஆட்டம் அழகான ஆட்டத்துக்கான முதல் பரிசைப் பெற்றது. ஒரே தொடக்கம், ஒரே போட்டி, மூன்று வேறு கதைகள்.

இந்த ஆட்டத்தில் கறுப்பு தோற்ற இடம் என் பார்வையில் 16-க்கும் 20-க்கும் இடைப்பட்டது. 16-இல் பிஷப்பை இ4-க்கு அனுப்பி ராணியை விரட்டியது, 18-இல் எஃப்6 குதிரையை டி7-க்கு இழுத்தது, 20-இல் சி4 சிப்பாயை ராணியால் எடுத்தது ஆகிய மூன்றும் ஒரே சிந்தனையில் பிறந்தவை. ஜி7 பிஷப்பின் மூலைவிட்டத்தைத் திறந்து, சி3-இல் இருக்கும் வெள்ளை ராணியை அசௌகரியப்படுத்தி, ஒரு சிப்பாயை வெல்வது அந்தச் சிந்தனை. 19. ராணி டி2 என்ற அமைதியான விலகலே அதைக் கலைத்துவிட்டது. டி4-இல் பிஷப் வெட்டியதும் ஜி7 பிஷப் மாறிப்போக, ராஜாவைச் சுற்றிய கறுமை நிறக் கட்டங்கள் காவலின்றி நின்றன. எடுத்த சிப்பாய்க்குப் பதிலாக டி6 போனது. எஃப்6-இலேயே குதிரை இருந்திருந்தால் அந்தக் கட்டங்கள் இத்தனை பலவீனமாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ராணியின் பயணத்தைக் கவனியுங்கள். 20-இல் சி4, 23-இல் சி5, 25-இல் ஹெச்5, 27-இல் இ5, 28-இல் மறுபடியும் சி5. ஒன்பது நகர்த்தல்களில் ஐந்து ராணியினுடையவை. அவற்றில் 25-இல் ஹெச்5-க்குப் போனதில் நியாயம் இருக்கிறது: இ3-க்கு வந்த குதிரை ஜி4 வழியாக ஹெச்6 சிப்பாயைச் செக்குடன் எடுக்கக்கூடும், அதை ஹெச்5 ராணி தடுக்கிறது. ஆனால் மற்றக் காய்கள் ஒழுங்குபடாமல் ராணி மட்டும் ஓடும்போது, அதன் ஒவ்வொரு ஓட்டமும் வெள்ளைக்குக் காயை நல்ல இடத்தில் வைக்க நேரம் தந்தது. பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன். தொடக்கத்தின் பெயரை அடுத்ததாகச் சொல்வேன்.


மரப்பலகை

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. பன்னிரண்டு கட்டங்களையும் மாணவியே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டும்படி வைத்துவிடுகிறேன். தென்வாசல் ஐயா சொன்னபடி லாஸ்கரின் ஆட்டத்தையும் அடுத்த வகுப்பில் சேர்க்கிறேன். ஒரு தொடக்கத்தை மந்திரம் போல நம்பிவிடும் பழக்கம் இந்த வயதில் எளிதாக வந்துவிடுகிறது.

இங்கே வீட்டில் பலகையை வைத்துப் பார்த்தபோது புதிய ஐயம் ஒன்று எழுந்தது. 26. குதிரை டி4 ஆடிய பிறகு 27-இல் கறுப்பு ராணி இ5-க்கு வருகிறது. சி6-இல் குதிரை வருவதுதான் வெள்ளையின் நோக்கம் என்றால், 28-ஆம் நகர்த்தலிலேயே டி4 குதிரை சி6-க்குப் போய், ராணியையும் ஏ7 யானையையும் ஒருங்கே தாக்கலாமே? இ3 குதிரை ஏன் முதலில் சி4-க்குப் போக வேண்டும், பிறகு ஏன் இ3-க்கே திரும்ப வேண்டும்? வகுப்பில் யாரேனும் கட்டாயம் கேட்பார்கள்.


மறுமொழி 4: அறுபத்துநான்கு

அந்த நகர்த்தலை முயன்றால் வெள்ளை தன் ராணியையே இழந்துவிடும். 27-க்குப் பிறகு பி2-இல் வெள்ளை ராணி, இ5-இல் கறுப்பு ராணி. இரண்டும் ஒரே மூலைவிட்டத்தில் எதிரெதிரே நிற்க, நடுவில் மறைத்து நிற்பது டி4 குதிரைதான். அது சி6-க்குத் தாவினால் மறைப்பு விலகும், முறை கறுப்புடையது, பி2 ராணிக்குக் காவல் எதுவும் இல்லை. கறுப்பு ராணி அதைச் சும்மா எடுத்துக்கொள்ளும். இரட்டைத் தாக்குதலைக் கண்டவுடன் கையை நீட்டும் பிள்ளைகளுக்கு இந்த நிலையைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. 28-இல் பலகையை நிறுத்தி, வெள்ளை என்ன ஆடலாம் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் சி6 என்றே சொல்வார்கள்.

ஆகவே ரேட்டி டி4 குதிரையை அசைக்காமல், இ3 குதிரையால் சி4-இலிருந்து ராணியைத் தாக்கினார். கறுப்புக்கு இ4-இல் செக் கொடுக்கும் வழி இருந்தது. எஃப்2 சிப்பாய் எஃப்3-க்கு வந்து அங்கேயும் ராணியை விரட்டும். கப்பாபிளாங்கா சி5-ஐத் தேர்ந்தார். ராணி மூலைவிட்டத்தை விட்டு விலகிய அந்தக் கணத்தில் டி4 குதிரைக்கு விடுதலை கிடைத்தது. 29. குதிரை சி6, ஏ7 யானையைத் தாக்கியபடியே வந்து அமர்ந்தது. டி7 குதிரையைக் காப்பதற்காக 24-இல் ஏ7-க்கு வந்த யானை, இப்போது அங்கிருந்தும் நகர வேண்டியதாயிற்று.

சி6-க்குக் குதிரை வரக் கறுப்பு இடம் கொடுத்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது 26-இலேயே உள்ளது. இ4-இல் இருந்த கறுப்புப் பிஷப் டி5 வழியாக சி6-ஐக் காத்துக்கொண்டிருந்தது. 26. குதிரை டி4 அந்தப் பிஷப்பை ஜி2 பிஷப்போடு மாற்றிக்கொள்ளும்படி செய்தது. பிஷப்புகள் போன பிறகு சி6 கட்டத்தைக் கறுப்பு எதைக் கொண்டும் போதிய அளவுக்குக் காக்க முடியவில்லை, கீழே பி5 சிப்பாய் தாங்கி நின்றது. கருங்குதிரை அவர்கள் சொன்ன மூன்றாம் நகர்த்தலுக்கும் 29-ஆம் நகர்த்தலுக்கும் உள்ள தொடர்பு இந்த இடத்தில் என்னையும் ஒப்புக்கொள்ள வைக்கிறது.

கடைசியாக இ3-க்குத் திரும்பியது. சி4-இல் குதிரை நின்றால் அது ராணிக்குக் கீழே சி வரிசையை அடைக்கும், ஆனால் டி5-ஐக் காக்காது. ராணி டி5 யானையைச் செக்குடன் வெட்டும்போது குதிரையால் பதிலடி கொடுக்க முடியாது, சி4 குதிரையையே ராணி வெட்டிக்கொண்டும் போய்விடலாம். இ3-இல் நின்றாலோ டி5, சி4, சி2 ஆகிய மூன்று கட்டங்களும் அதன் பிடியில் இருக்கும். 25-இல் அது முதன்முதலாக இ3-க்கு வந்தபோது அதன் வேலை ஜி4 வழியாக ஹெச்6-ஐ மிரட்டுவது. 30-இல் இரண்டாம் முறை அங்கே வந்தபோது அதன் வேலை, ராணி சி4-க்கு இறங்கும் வழியை அடைத்து, டி5-க்கு வரப்போகும் யானைக்குக் காவல் நிற்பது. வகுப்பில் இந்த இரண்டு நிலைகளையும் இரு பலகைகளில் அருகருகே வைத்து, ஒரே கட்டத்தில் நிற்கும் ஒரே குதிரை ஒவ்வொரு முறையும் எந்தெந்தக் கட்டங்களுக்காக அங்கே நிற்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள்.